பீச்சித் தீவு புகட்டும் பாடம்

உலகப் படத்தில் கனடாவின் வடகோடியை நோக்குக. உடைந்த ஓடு சிதறினாற்போல் பரந்து கிடக்கும் தீவுகளிடையே, டெவன் தீவின் தென்மேற்கு மூலையை ஒட்டியுள்ளது பீச்சித் தீவு. பல படங்களில் அது ஒரு புள்ளியாகவேனும் இராது. ஆயினும், கடற்பனி விலகும் கோடைக் கடைசியில் ஆய்வுப் பயணக் கப்பல்கள் அதனை நாடிச் செல்கின்றன.

ஆங்குத் துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நங்கூரமிட, பயணிகள் காற்றடைத்த இரப்பர்ப் படகுகளில் கரை சேர்வர். துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னரே இறங்கி, வெண்கரடி உண்டா எனப் பார்த்து நிற்பர். மரமில்லை, புதருமில்லை, எங்கணும் சரளைக் கற்களே. அவற்றிடையே உள்ள மூன்று கல்லறைகளைக் காணவே இத்துணைப் பயணமும்.

ஆசியாவுக்கு வடமேற்குக் கடல்வழி காண, 1845இல் சர் ஜான் பிராங்கிளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்னும் கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டன. முதற் குளிர்காலத்தை அவர்கள் இத்தீவில் கழித்தனர். 1846இல் டாரிங்டன், ஹார்ட்னல், பிரெய்ன் ஆகிய மூவர் இங்கு மாண்டனர். தேடி வந்தோர் 1850இல் கண்டவை இக்கல்லறைகளே. சென்ற 129 பேரில் ஒருவரும் வீடு திரும்பவில்லை.

ஏனையோர் என்னாயினர்? அவ்வட்டாரத்து இனுயிட் மக்கள் அதனை அறிந்திருந்தனர். வெள்ளையர் பசியால் மடிந்ததையும், சிலர் பிணம் தின்ன நேர்ந்ததையும் அவர்கள் கூற, ஜான் ரே என்பார் 1854இல் இலண்டனுக்கு அறிவித்தார். இலண்டன் சினந்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், இனுயிட் மக்களின் சொல் நம்பத்தக்கதன்று என எழுதினார். ஆனால், பிற்காலத்தில் ஆராயப்பட்ட எலும்புகளில் கத்தி வெட்டுகள் காணப்பட்டன.

கப்பல் மூழ்கிய இடத்தையும் அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தனர். பீச்சித் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 400 மைல் தொலைவில் உள்ளது கிங் வில்லியம் தீவு. அதன் தென்புறக் கடலில், அவர்கள் சுட்டிய பகுதியிலேயே, 2014இல் எரிபஸ் கிடைத்தது. இனுயிட் ஒருவர் தந்த துப்பினால் 2016இல் டெரரும் கிடைத்தது.

ஏட்டில் ஏறாத செய்தியெல்லாம் பொய்யன்று, கேட்டதெல்லாம் மெய்யுமன்று. கேட்டு, ஆராய்ந்து, பின் முடிவு கூறலே முறை. இலண்டன் கேளாமலே தீர்ப்பளித்தது. வகுப்பில் ஒரு மாணவன், "எங்கள் பாட்டி சொன்னார்" எனத் தொடங்குங்கால், அவனை அமர்த்திவிடாது முழுதும் சொல்லவிடுவோமாக. ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகிறது.