நார்த்தங்காய் ஏன் மாலையில் ஜாடிக்குத் திரும்புகிறது?

உப்பு நார்த்தங்காய் போடும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஜாடியிலிருந்து துண்டுகளை எடுத்து வெயிலில் பரப்புவார்கள். மாலைக்குள் அவை ஓரளவு காய்ந்து, மேல்தோல் சுருங்கத் தொடங்கியிருக்கும். பொழுது சாயும்போது அவற்றை அள்ளி, ஜாடியில் மிச்சமிருக்கும் அதே உப்புத் தண்ணீரிலேயே மறுபடியும் போட்டுவிடுவார்கள். மறுநாள் திரும்பவும் வெயில். இப்படியே ஒரு வாரம், பத்து நாள் போகும். எட்டாம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "காய வைக்கணும்னா எதுக்கு டீச்சர் திரும்பத் திரும்ப நனைக்கிறாங்க?"

நல்ல கேள்வி. "பாட்டி காலத்திலிருந்து அப்படித்தான்" என்று சொல்லிக் கடந்துவிட முடியாத கேள்வியும்கூட. ஆவியாதலை ஒரு பாடத்திலும், சவ்வூடு பரவலை வேறொரு பாடத்திலும், சதவீதத்தைக் கணக்குப் புத்தகத்திலும் நம் மாணவர்கள் தனித்தனியாகப் படிக்கிறார்கள். பீங்கான் ஜாடிக்குள் இவை மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. அத்துடன், இந்தத் தின்பண்டத்தைக் குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கும் அதே கணக்கிலிருந்தே விடை கிடைக்கிறது. அந்த விடை கொஞ்சம் அதிர்ச்சி தரக்கூடியது.

முதலில் செய்முறை. சற்றே பழுக்கத் தொடங்கிய, கீறல் இல்லாத நார்த்தங்காய் 1 கிலோ எடுத்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரமில்லாத கத்தியால் சுருளாகவோ துண்டுகளாகவோ வெட்டலாம். சுருளாக வெட்டுவது பழைய முறை. காய் அறுந்துவிடாமல் சுற்றிச் சுற்றி வெட்டினால் அது கம்பிச்சுருள் போல விரியும், உள்ளே உப்பை அடைக்கலாம். விதைகளை நீக்கிவிட்டு, பொடித்த கல் உப்பு 200 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலந்து ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவிடலாம். தினமும் ஒரு முறை குலுக்கிவிட்டால் போதும். மூன்று, நான்கு நாளில் தோல் மெத்தென்று ஆகி, ஜாடியில் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதன்பிறகுதான் வெயிலும் ஜாடியும் மாறி மாறி வரும் அந்த வேலை தொடங்கும். உப்புத் தண்ணீர் முழுவதும் துண்டுகளுக்குள் ஏறி வற்றியபின், மேலும் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவிட்டு எடுத்து வைக்க வேண்டும்.

அலுமினியப் பாத்திரமும், ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களும் இதற்கு ஆகாது. எலுமிச்சை இனக் காய்களின் சாறு கடும் புளிப்பு உடையது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். மதிப்பு 2 முதல் 3 வரை இருக்கும். அமிலமும் உப்பும் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். பீங்கானும் கண்ணாடியும் பாதுகாப்பானவை. அமிலம், உலோகம் பற்றிய பாடத்துக்கு இதைவிடப் பக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாத ஜாடியில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை மாணவர்களிடம் விட்டுவிடுங்கள். "உப்பு கரைஞ்சிடுச்சு" என்பார்கள். கரைவதற்குத் தண்ணீர் வேண்டுமே என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு யோசிக்கத் தொடங்கும். காயின் செல்களுக்குள் நீர் அதிகம், வெளியே உப்பின் செறிவு அதிகம். செல் சவ்வின் வழியாக நீர் வெளியேறி உப்பை நோக்கி வருகிறது. அதாவது, வெயில் படுவதற்கு முன்பே, நிழலில் இருக்கும் ஜாடிக்குள்ளேயே உலர்த்துதல் தொடங்கிவிட்டது. உப்பின் வேலை அதோடு முடிவதில்லை. காயில் மிஞ்சும் நீரையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. பாக்டீரியாவோ பூஞ்சையோ வளர வேண்டுமானால், பொருளில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அந்த நீர் அவற்றுக்குக் கிடைக்கவும் வேண்டும். இப்படிக் கிடைக்கும் நீரின் அளவை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணாக உணவு அறிவியலார் குறிப்பிடுகிறார்கள். தூய நீருக்கு அது 1. சுமார் 0.9க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர முடியாது. 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரியும் வளராது. இனி உப்பே கரையாது என்ற அளவுக்குச் செறிவான உப்புத் தண்ணீரில் அந்த எண் 0.75. தொட்டால் ஈரமாக இருக்கும் ஊறுகாய்கூட மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். புளிப்பும் அதற்குத் துணை நிற்கிறது.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். ஈரமான ஒரு துண்டைக் கடும் வெயிலில் வைத்தால் முதலில் ஆவியாவது மேற்பரப்பிலுள்ள நீர். உள்ளே இருக்கும் நீர் மேற்பரப்புக்கு நகர்ந்து வந்தால்தான் அடுத்து ஆவியாக முடியும். இந்த நகர்வு மெதுவானது. வெயில் அதைவிட வேகமானது. எனவே நாள் முழுவதும் விடாமல் காய்ச்சினால் மேல்தோல் இறுகி, ஓடு போல ஆகிவிடுகிறது. அந்த ஓடு உள்ளேயுள்ள நீரை வெளியே விடாமல் அடைத்துவிடும். கையில் எடுத்தால் கல் போல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். சில வாரம் கழித்துப் பூஞ்சை பூப்பது இத்தகைய துண்டுகளில்தான். பழங்களை உலர்த்தும் தொழிற்சாலைகளிலும் இது தெரிந்த சிக்கல். வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் கட்டுப்படுத்தி அங்கே அதைச் சமாளிக்கிறார்கள்.

நம் வீடுகளில் அந்த வேலையை மாலை நேர ஜாடி செய்கிறது. உப்புத் தண்ணீரில் விழுந்ததும் இறுகிய மேற்பரப்பு இளகுகிறது. இரவு முழுவதும் உள்ளிருக்கும் ஈரமும் வெளியிலிருக்கும் ஈரமும் சமன்படுகின்றன. அதே நேரம் உப்பும் காயிலிருந்து வடிந்த புளிப்புச் சாறும் துண்டுக்குள் இன்னும் ஆழமாக ஏறுகின்றன. மறுநாள் வெயிலில் ஆவியாவதற்கு மேற்பரப்பு மறுபடியும் தயாராக இருக்கும். பனியும் பூச்சியும் படாமல் இருப்பது கூடுதல் ஆதாயம். வெளித்தோற்றத்துக்கு இது நனைப்பது போலத் தெரிந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஜாடியிலுள்ள தண்ணீர் குறைந்துகொண்டே வரும். ஜாடியின் வெளிப்புறத்தில் தினமும் ஒரு கோடு போட்டு வரச் சொன்னால் மாணவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை யாரும் தொடங்குவதில்லை. மழை மட்டுமே அதற்குக் காரணம் இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்கும். கல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். மேகமூட்டமான நாளில் துண்டுகளை எடை போட்டால், முதல் நாளைவிட எடை கூடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கடலோர மாவட்டப் பள்ளிகளில் இதைச் சுலபமாகப் பார்க்கலாம். "தப்பா எடை போட்டுட்டோம்" என்று மாணவர்கள் அந்த எண்ணை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இப்போது உப்புக் கணக்கு. 1 கிலோ காயில் நீரைத் தவிர்த்த திடப்பொருள் 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சேர்த்த உப்பு 200 கிராம். உப்புத் தண்ணீரை நாம் கொட்டவில்லை, முழுவதும் துண்டுகளுக்குள்ளேயே ஏறிவிட்டது. கடைசியில் கொஞ்சம் ஈரமும் இருக்கும். ஆக, காய்ந்தபின் கிடைப்பது ஏறத்தாழ 400 கிராம். அதில் பாதி உப்பு! 10 கிராம் எடையுள்ள ஒரு துண்டில் 5 கிராம் உப்பு இருக்கிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தைகளுக்கு அளவு அதைவிடக் குறைவு.

இதைச் சொல்வது நார்த்தங்காயைத் தள்ளிவைப்பதற்காக இல்லை. தயிர்சாதத்துக்கு நகக்கண் அளவு கிள்ளித் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தோடு வளர்ந்த பண்டம் அது. அந்த அளவில் அது பிரச்சினை இல்லை. மதிய உணவு இடைவேளையில் முழுத் துண்டை மிட்டாய் போலச் சப்பிக்கொண்டு திரியும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். கடையில் வாங்கும் பாக்கெட் தின்பண்டத்தில் உப்பு அதிகம் என்று அவர்களுக்குச் சொல்லும் நாம், வீட்டுப் பண்டம் என்பதாலேயே இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். "வேண்டாம்" என்று அறிவுரை சொல்வதைவிட, மேலே உள்ள கணக்கை அவர்களையே போட வைப்பது பலன் தருகிறது. விடை வந்ததும் வகுப்பு ஒரு கணம் அமைதியாகும்.

குழந்தைகள் கொறிப்பதற்கு ஆரஞ்சுத் தோல் மிட்டாய் செய்து கொடுக்கலாம். இதில் இனிப்பு உண்டு என்பதால் இதுவும் அளவோடுதான். கமலா ஆரஞ்சின் தோலை வெதுவெதுப்பான நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, விரல் நீளப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் இதையே மூன்று முறை செய்தால் கசப்பு பெரும்பாலும் போய்விடும். பிறகு தோலின் எடைக்குச் சமமாகச் சர்க்கரையும், அதில் பாதி அளவு தண்ணீரும் சேர்த்து மெல்லிய தீயில் வைக்க வேண்டும். தோலின் உட்புற வெள்ளைப் பகுதி கண்ணாடி போலத் தெளிந்து, பாகு வற்றும் சமயத்தில் இறக்கித் தட்டில் பரப்பி, துணி மூடி ஓரிரு நாள் காயவிட்டால் முடிந்தது.

உப்பு ஐந்தில் ஒரு பங்கு போதுமாக இருந்ததே, சர்க்கரை மட்டும் ஏன் சமபங்கு வேண்டும்? மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு இது நல்ல கணக்கு. நீரைப் பிடித்து வைப்பதில் எடையைவிடத் துகள்களின் எண்ணிக்கையே முக்கியம். சர்க்கரையின் மூலக்கூறு நிறை 342, சோடியம் குளோரைடுக்கு 58.5. போதாததற்கு உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிகிறது. கணக்கிட்டால், ஒரு கிராம் உப்பு ஒரு கிராம் சர்க்கரையைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு துகள்களைத் தருகிறது.

வைட்டமின் சி பற்றியும் ஒரு வார்த்தை. காய்ந்த பழத்தில் சத்தெல்லாம் அப்படியே இருக்கிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரே விரைவாகத் தேறினார்கள். நீண்ட பயணத்துக்குப் பழம் தாங்காது என்பதால், சாற்றை மணிக்கணக்கில் சூடாக்கி வற்றவைத்து எடுத்துச் செல்லலாம் என்று அதே லிண்ட் யோசனை சொன்னார். அந்த வெப்பத்திலேயே பழச்சாற்றின் ஆற்றலில் பெரும்பகுதி போய்விட்டது. வெப்பம், காற்று, ஒளி மூன்றும் வைட்டமின் சியைச் சிதைப்பவை. வெயிலில் காயும் நார்த்தங்காய்க்கும் மூன்று முறை கொதிக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் இது பொருந்தும். இந்தப் பண்டங்களைச் சுவைக்காகச் சாப்பிடலாம். சத்துக்குப் புதுப் பழமே சரி.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோர் தை முதல் பங்குனிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று தட்டுகள் போதும். ஒரே கனத்தில் வெட்டிய ஆரஞ்சு வட்டுகளை ஒன்றில் வெறுமனேயும், ஒன்றில் உப்பு தூவியும், ஒன்றில் சர்க்கரை தூவியும் வைத்து, கொசுவலைத் துணியால் மூடி, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு வரைபடம் வரையலாம். கத்தி வேலை ஆசிரியருடையது. எலுமிச்சைச் சாறு கைக்காயத்தில் பட்டால் எரியும் என்பதால் விரலில் வெட்டு உள்ளவர்கள் எழுதும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். பலர் கைபட்ட இந்த வட்டுகளைத் தின்னக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

எடை போடுவதற்கு முன் ஒரு கணிப்புக் கேள்வி கொடுங்கள். ஆரஞ்சில் 87 சதவீதம் நீர். 100 கிராம் வட்டுகளை 20 சதவீதம் நீர் உள்ள நிலைக்குக் காய வைத்தால் எடை எவ்வளவு இருக்கும்? பெரும்பாலோர் 87இலிருந்து 20ஐக் கழித்து, 67 கிராம் போய் 33 கிராம் மிஞ்சும் என்பார்கள். நீரல்லாத 13 கிராம் மாறுவதில்லை, இப்போது அது மொத்தத்தில் 80 சதவீதம். எனவே மிஞ்சுவது 16.25 கிராம். உப்போ சர்க்கரையோ சேர்க்காத தட்டில் மட்டுமே இந்தக் கணக்கைச் சரிபார்க்க முடியும். மற்ற இரண்டு தட்டுகளுக்கும் சேர்த்த பொருளின் எடையை முதலிலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். தட்டின் எடையைக் கழிக்கவும் நினைவூட்டுங்கள்.