எண்ணெய்ச் சட்டிக்கும் சட்டம் உண்டு

மாலை நேரத்தில் பஜ்ஜி வாங்க நிற்கும்போது சட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, கரண்டியிலிருந்து கொழகொழவென்று ஒழுகி, நுரை அடங்காமல் நின்றால், அது பலமுறை காய்ந்த எண்ணெய். அங்கே சாப்பிடாதீர்கள்.

அதற்காகக் கொழுப்பையே ஒதுக்கிவிட வேண்டாம். நம் உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு, பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு இரண்டு அடுக்காக அமைந்ததுதான். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் கொழுப்பில்தான் கரையும். எல்லோரும் பயப்படும் கொலஸ்ட்ராலிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களை உடல் தயாரிக்கிறது. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து நெய்யையும் எண்ணெயையும் அடியோடு எடுத்துவிடுவது பெரிய தவறு.

கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. சமையல் எண்ணெயின் மூலக்கூறு என்பது ஒரு கிளிசராலில் கோத்த மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றில் பெரும்பாலான சங்கிலிகள் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் வளைந்திருக்கும். வளைந்தவை நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாததால் எண்ணெய் திரவமாகவே இருக்கிறது. வனஸ்பதி செய்ய, நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்துவார்கள். அப்போது சில வளைவுகள் நிமிர்ந்துவிடும். அதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு. பப்ஸ் அடுக்கடுக்காக மொறுமொறுக்கவும், பிஸ்கட் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கவும் இப்படி இறுகிய கொழுப்பு உதவும். உடலுக்குள் அது கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லைக் கூட்டி, நல்லதான எச்டிஎல்லைக் குறைக்கிறது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இது 2.2 கிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தியாவில் 2022 ஜனவரி 1 முதல், எண்ணெயிலும் உணவுப் பொருளில் உள்ள கொழுப்பிலும் ஆலையில் உருவாகும் ட்ரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் 'போலார் சேர்மங்கள்' சேரும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் இருக்கிறது. பொரிப்பதற்கு நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் உணவகங்கள், மிஞ்சியதை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும். அது பயோடீசலாகிறது. என்னைக் கேட்டால், தள்ளுவண்டிக்காரரை விரட்டுவதற்கு முன் இந்த மிஞ்சிய எண்ணெயின் கணக்கைத்தான் அதிகாரிகள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பெரிய சமையற்கூடத்துக் கழிவு எண்ணெய் மலிவு விலையில் வெளியே போனால், கடைசியில் அது ஏழையின் வடையில்தான் வந்து சேரும்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண்ணையும் ட்ரான்ஸ் கொழுப்பின் அளவையும் பாருங்கள். சில்லறையாக அளந்து ஊற்றும் எண்ணெயை வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பில்லையும் படத்தையும் வைத்துக்கொண்டு மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். 1800112100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். தரம் குறைந்த உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவில் இருக்கிறது. வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிமீறல் என்று அறிக்கை வந்தால், கட்டிய பணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.