கணக்கில் வராத எம்மவர்

கனடாவில் வங்கியிலோ தொலைபேசி நிறுவனத்திலோ வேலைக்குச் சேர்ந்த எம்மவரிடம் ஒரு படிவம் நீட்டப்படுவதுண்டு. வெள்ளையரல்லாத சிறுபான்மையினத்தவரா என்று அது வினவும். "எழுதினால் வேலைக்கு ஆபத்து வருமோ?" என அஞ்சி, அதை வெறுமையாக விடுவோர் எம்மிடையே உளர். இனத்தைக் கேட்டபின் துன்பம் விளைந்த நாட்டிலிருந்து வந்தவர்க்கு அவ்வச்சம் இயல்பே.

ஆனால் இப்படிவத்தின் நோக்கம் வேறு. 1984இல் நீதிபதி றோசலி அபெல்லா சமர்ப்பித்த அறிக்கையைத் தொடர்ந்து 1986இல் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் பிறந்தது. 1995இல் அது புதிதாக இயற்றப்பட்டது. மத்திய அரசின் ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்ட, நூறு பேருக்குக் குறையாத பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள், பெண்கள், ஆதிக்குடிகள், மாற்றுத்திறனாளிகள், வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் ஆகியோரைக் கணக்கெடுத்து, அவர்கள் முன்னேறத் தடையானவற்றை நீக்க வேண்டும்.

இது நிறுவனங்கள் இடும் பிச்சையன்று. தமிழறிந்த ஒருவர் கருமபீடத்தில் அமர்ந்தால், வங்கி வாசலை மிதிக்கத் தயங்கிய முதியவரும் துணிந்து கணக்குத் திறப்பார். ஆதாயம் வங்கிக்கும் உண்டு.

எம்மவர் கருமபீடத்தோடு நின்றுவிடுகின்றனரா, முகாமையாளர் அறைவரை உயர்கின்றனரா என்பதையும் இக்கணக்கே காட்டும்.

படிவத்தை நிரப்புமாறு எவரும் வற்புறுத்த முடியாது. அதில் எழுதுவதை இரகசியமாகப் பேணுவது சட்டப்படி நிறுவனத்தின் கடமை. ஆயினும் தம்மை இன்னாரென்று தெரிவித்தவர் மட்டுமே எண்ணப்படுவர். நாம் எழுதாதவிடத்து, எமக்கு நேர்ந்த குறையும் எவர் கண்ணுக்கும் தெரியாது.