உயர்த்திய பிக்கப் ஏன் ஆடுகிறது?

ரஞ்சன்காவ் என்றதும் நினைவுக்கு வருபவர் மகாகணபதி. புனேயில் இருந்து அஹில்யாநகர் (முன்பு அகமத்நகர்) செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் கோவில் இருக்கிறது. அஷ்ட விநாயகர் தலங்களில் இதுவும் ஒன்று. திரிபுராசுரனோடு போருக்குப் புறப்பட்ட சிவபெருமான், இங்கே விநாயகரை வணங்கிச் சென்றார் என்பது தல வரலாறு.

ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. அது தொழிற்பேட்டை. ஸ்டெல்லாண்டிஸும் (முன்பு பியட்) டாட்டாவும் சேர்ந்து நடத்தும் கார் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. 2017-ல் ஜீப் காம்பஸ் கார்கள் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. 2021-ல் ராங்க்ளர் ஜீப்பையும் இங்கேயே பூட்டத் தொடங்கினார்கள்.

அந்தப் புது ஜீப்புகள் போகும் அதே சாலையில், பழைய பிக்கப் வண்டிகளும் போகின்றன. வெங்காயம், கரும்பு, சிமெண்டு, இரும்புக் கம்பி, எதுவானாலும் இவைதான் சுமக்கின்றன. அவற்றில் சில, கம்பெனியில் இருந்து வந்த உயரத்தில் இல்லை. இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், சில வண்டிகள் அதற்கும் மேலே தூக்கிக் கட்டப்பட்டு இருக்கின்றன.

ஏன் தூக்குகிறார்கள்? மழைக் காலத்தில் கரிசல் மண் வண்டிப்பாதையில் போனால் அடிப்பாகம் தட்டும். பெரிய டயர் போட இடம் வேண்டும். பார்க்கக் கம்பீரமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு; அதை மறைப்பானேன்!

தூக்கிய மறுநாளே தொல்லை தொடங்குகிறது. நேர்ச்சாலையில் வண்டி நேராகப் போவது இல்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைகிறது. வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவது இல்லை. பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் தானே ஒரு பக்கம் வெட்டுகிறது. 60, 70 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்து எழுந்தால், முன் சக்கரங்கள் இரண்டும் வெறி பிடித்ததுபோல் ஆடுகின்றன. அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்கு 'மரண ஆட்டம்' என்றே பெயர் வைத்து இருக்கிறார்கள்.

உடனே பழி விழுவது ஸ்டியரிங் பாக்ஸ் மேல்! அதைக் கழற்றி வேறு மாட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு. ஆட்டம் நிற்பது இல்லை. பிறகு டயரை மாற்றுகிறார்கள். அப்போதும் நிற்பது இல்லை. காரணம், கெட்டுப் போனது பெரும்பாலும் பாக்ஸ் அல்ல. தூக்கும்போது மாறிப்போன கோணங்கள்தான்.

சைக்கிளைப் பாருங்கள்

சைக்கிளின் முன் போர்க் செங்குத்தாக இல்லை. மேல் பாகம் பின்னால் சாய்ந்து இருக்கிறது. கையை விட்டு ஓட்டினாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வு ஒரு காரணம். மோட்டார் வண்டியின் முன் சக்கரம் திரும்பும் அச்சும் இப்படிச் சற்றுப் பின்னால் சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வுக்கு 'காஸ்டர்' என்று பெயர். சக்கரத்தை எப்போதும் நேருக்குக் கொண்டுவருவது இதுதான்.

பழைய வில்லிஸ் ஜீப்புக்கு இந்தச் சாய்வு 3 டிகிரி. 1940-களின் கடைசியில் மஹிந்திரா நிறுவனம் மும்பையில் பூட்டத் தொடங்கியது அந்த ஜீப்பைத்தான். பின்னால் வந்த பல மஹிந்திரா ஜீப்புகளும், அந்த வழியில் வந்த பிக்கப்புகளும் அதே பாணியில் அமைந்தவை. முன்னாலும் ஒரே தண்டாக அச்சு, அதன் கீழே ஸ்பிரிங் பட்டைகள். வடக்கே இதைக் கமானி என்பார்கள்.

ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனை சேஸிசில் நேராகப் பூட்டி இருக்கும். மறுமுனை 'ஷாக்கிள்' என்ற இரட்டைத் தகட்டில் தொங்கும். வண்டியைத் தூக்க மலிவான வழி, இந்த ஷாக்கிளைக் கழற்றிவிட்டு நீளமான ஒன்றைப் போடுவது. இரண்டு அங்குலம் நீளமாகப் போட்டால் வண்டி ஒரு அங்குலம் உயரும். ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது! வில்லிஸ் வகை ஜீப்பில் முன் பட்டையின் ஷாக்கிள் முன்பக்கம் இருக்கிறது. ஆகவே பட்டை முன்னால் சரிகிறது. அதோடு அச்சும் முன்னால் உருளுகிறது. பட்டையின் நீளம் 40 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அங்குலச் சரிவு ஏறக்குறைய 3 டிகிரி!

இருந்ததே 3 டிகிரி. அது அப்படியே போய்விட்டது. ஒரு அங்குல உயரத்துக்குக் கொடுத்த விலை அது. வண்டி அலையாமல் என்ன செய்யும்? மகாகணபதிக்கு எத்தனை தேங்காய் உடைத்தாலும் போன காஸ்டர் தானாகத் திரும்பி வராது.

ஷாக்கிள் பின்பக்கம் உள்ள வண்டியில் இது தலைகீழ். அங்கே காஸ்டர் கூடும்; ஸ்டியரிங் கனக்கும். எனவே 'நண்பர் வண்டிக்குப் போட்டார், சரியாக இருந்தது' என்று கேட்டுப் போடுவதில் அர்த்தம் இல்லை. தன் வண்டியில் ஷாக்கிள் எந்தப் பக்கம் என்று முதலில் குனிந்து பார்க்க வேண்டும்.

காஸ்டர் குறைந்துதான் போயிற்று என்று தெரிந்தால், பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு போன்ற சரிவுத் தகடு வைத்து அச்சைப் பின்னால் சாய்க்கலாம். இரும்பினால் ஆன நல்ல தகடாக இருக்க வேண்டும். ஆனால் அச்சு சாய்ந்தால், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் புரொப்பெல்லர் ஷாப்டின் கோணமும் மாறும் என்பதை மறந்துவிடக் கூடாது.

முதலில் ஆட்டம், பிறகு கோணம்

தேறிய மெக்கானிக் முதலில் சாவியை எடுப்பது இல்லை. கண்ணைத்தான் உபயோகிக்கிறார்.

வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும். ஒருவர் ஆசனத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும். மற்றவர் கீழே படுத்து, ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். கை வைத்தும் பார்க்க வேண்டும். பாக்ஸ் அசைகிறதா, பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அசைகின்றனவா, டிராக் லிங்க் முனை துள்ளுகிறதா, டை ராட் முனை துள்ளுகிறதா? ஆரம்ப கால ஜீப்புகளில் நடுவே 'பெல் கிராங்க்' என்று ஒன்று உண்டு. அதன் புஷ் தேய்ந்தால், ஸ்டியரிங் பாதி திரும்பும் வரை சக்கரத்துக்குச் செய்தியே போகாது.

அடுத்தது ஜாக்கி. ஒரு பக்க முன் சக்கரத்தைத் தூக்கி, கீழே உறுதியான முட்டு வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் கிங் பின் அல்லது வீல் பேரிங். இரண்டில் எது? உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் முனையில் சந்தேகம் வைக்கலாம்.

இந்தத் தேய்மானம் எல்லாம் வண்டியைத் தூக்குவதற்கு முன்பும் இருந்திருக்கும். அப்போது காஸ்டர் அதை அடக்கி வைத்திருந்தது. காஸ்டர் போனதும் வெளியே வந்துவிட்டது. பெரிய டயரின் கனமும் சேர்ந்துகொள்ள, 'மரண ஆட்டம்' பிறக்கிறது.

சிலர் ஸ்டியரிங் டேம்பர் என்னும் சிறு ஷாக் அப்சார்பரை மாட்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். நிறுத்தவில்லை, மூடி வைத்திருக்கிறார்கள். டேம்பர் தேய்ந்த அன்று ஆட்டம் முன்பைவிட மோசமாக வரும்.

ஓடும்போது அந்த ஆட்டம் பிடித்துக்கொண்டால் பிரேக்கைப் பலமாக அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கைத் திடமாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை விட்டு, வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும்.

பள்ளத்தில் வெட்டுவது ஏன்?

இது காஸ்டர் குற்றம் அல்ல. டிராக் லிங்க் குற்றம். கம்பெனி வண்டியில் அந்தத் தண்டு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கும். பாக்ஸ் சேஸிசோடு மேலே போக, அச்சு கீழேயே நிற்க, தண்டு செங்குத்தாகச் சாய்ந்துவிடுகிறது. பிறகு ஸ்பிரிங் அழுந்தும்போதெல்லாம் தண்டு சக்கரத்தைத் தள்ளும், அல்லது இழுக்கும். ஓட்டுபவர் எதுவும் செய்யாமலே வண்டி திரும்புகிறது! பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்; பிரேக் பிடிக்கும்போது அச்சு கொஞ்சம் உருளுகிறது அல்லவா? பிரேக் ஷூவை மட்டும் மாற்றிப் பயன் இல்லை.

பட்டையின் மேலே இருந்த அச்சைக் கீழே கொண்டுவந்து, அல்லது கீழே இருந்ததை மேலே ஏற்றி உயரம் மாற்றுவதும் உண்டு. ஒரே அடியில் நாலைந்து அங்குலம் கிடைக்கும். இந்த டிராக் லிங்க் தொல்லை அங்கேதான் உச்சம்.

கீழே வளைந்த பிட்மன் ஆர்ம் போட்டோ, சக்கரத்துப் பக்கத்து ஆர்மை உயர்த்தியோ தண்டை மறுபடி படுக்க வைப்பதுதான் சரியான வழி. கேஸ் வெல்டிங்கில் ஆர்மைச் சூடாக்கி வளைக்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. இதைப் போன்ற ஆபத்து வேறு இல்லை. பதம் போன இரும்பு சொல்லிக்கொண்டு உடைவது இல்லை. உடைந்தால், ஸ்டியரிங் ஓட்டுபவர் கையில் இருக்கும். சக்கரம் தன் இஷ்டப்படி போகும்.

ராங்க்ளர் போன்ற சுருள் ஸ்பிரிங் ஜீப்பில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள 'டிராக் பார்' என்று தனியாக ஒரு தண்டு இருக்கிறது. தூக்கினால் அது அச்சையே ஒரு பக்கம் இழுத்துவிடும். டார்ஷன் பார் உள்ள வண்டியில் போல்ட்டை முறுக்கியே உயர்த்திவிடுகிறார்கள். அங்கே பால் ஜாயிண்டுகள்தான் சீக்கிரம் சாகும்.

டேப் போதும்

அலைன்மெண்ட் மெஷின் இல்லாத ஊரிலும் 'டோ' பார்க்கலாம். முன் டயர்கள் இரண்டின் நடுவிலும் சாக்பீசால் கோடு போட்டு, அச்சு உயரத்தில் முன்பக்கமும் பின்பக்கமும் டேப்பால் அளக்க வேண்டும். பழைய ஜீப் வகைக்கு, முன் அளவு பின் அளவைவிட 1 முதல் 2½ மில்லி மீட்டர் குறைவாக இருக்கலாம். மற்ற வண்டிகளுக்குக் கம்பெனி புத்தகத்தைப் பார்க்க வேண்டும். டயரின் ஒரு ஓரம் மட்டும் ரம்பப் பல்போல் தேய்ந்து இருந்தால் அளவு தவறு என்று டயரே சொல்கிறது.

பிரேக் ஹோஸை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சக்கரம் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஹோஸ் விறைத்து நின்றால் அது அறுவதற்குக் காத்திருக்கிறது. பழைய ஷாக் அப்சார்பரும் நீளம் போதாமல் 'டக்' என்று இடிக்கும். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் தரை அதிர்ந்தால், புரொப்பெல்லர் ஷாப்டின் கிராஸ் கோணத்தைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் உயரம் என்பது சொந்த விருப்பம் மட்டும் அல்ல. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் கம்பெனி முதலில் கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கிளப்பும் கேள்வியும் இதுவாக இருக்கலாம்.

புனேயிலேயே 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புது வண்டி மாடல்கள் விற்பனைக்கு வருமுன் இத்தகைய இடங்களில் சோதனைக்கு உள்ளாகின்றன. அங்கே தேறியது, கம்பெனி வைத்த உயரம்தான். பட்டறையில் வைத்த உயரம் அல்ல. அதிலும் மேலே ஒரு டன் வெங்காயத்தை ஏற்றினால், வளைவில் கவிழும் அபாயம் கூடுகிறது.

ஏற்கெனவே தூக்கி வாங்கிய பழைய வண்டியைக் கையில் வைத்துத் திண்டாடுபவர்களுக்கு மலிவான பரிகாரம் ஒன்று இருக்கிறது. நீள ஷாக்கிளைக் கழற்றிவிட்டு, பழைய அளவு ஷாக்கிளும் புது புஷ்ஷும் போட்டு, ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது. பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிட்டால், ஸ்டியரிங் பாக்ஸுக்கு எடுத்து வைத்த பணம் மிச்சம். அச்சைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றி இருந்தால் பழையதையே திரும்பப் போடாமல் புதிதாகப் போட்டு, நூறு, இருநூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை முறுக்கிவிட வேண்டும்.