உயர் குருதியழுத்தம்: ரூசுவெல்ட்டின் பத்தாண்டு

1945 ஏப்பிரல் 12, நண்பகல். ஓவியர் ஒருவர் தம்மை வரைந்துகொண்டிருக்கையில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் தலை கடுமையாக வலிக்கிறது என்றார், நினைவிழந்து சாய்ந்தார். மருத்துவர் புரூயன் அளந்த குருதியழுத்தம் 300/190. மூளைக்குள் குருதிக்குழாய் வெடித்திருந்தது. அன்று பிற்பகலே உயிர் பிரிந்தது.

எவரும் எதிர்பாராத சாவு என்றார் தலைவரின் தனி மருத்துவர் மெக்கின்டயர். மருத்துவ ஏட்டின் எண்களோ பல ஆண்டுகளாக அதை முன்னுரைத்துக்கொண்டிருந்தன: 1935இல் 136/78, 1937இல் 162/98, 1941இல் 188/105.

மேலெண், நெஞ்சாங்குலை சுருங்கிக் குருதியை உந்தும்போது குழாய்ச் சுவரைத் தாக்கும் விசை. கீழெண், அது தளர்ந்திருக்கும்போது எஞ்சி நிற்கும் விசை. 140/90ஐத் தொடர்ந்து எட்டினால் நோய் எனப் பல நாட்டு மருத்துவர்கள் இன்று கொள்வர். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆயினும் குழாய்ச் சுவர்கள் தடித்து நெகிழ்விழக்கின்றன. அத்தடையை எதிர்த்து உந்தி உந்தி நெஞ்சாங்குலையின் இடக் கீழறை பருக்கிறது; நாளடைவில் சோர்ந்து, நுரையீரலில் நீர் கோக்க விடுகிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் சிதைகின்றன. சிதைந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற மாட்டாமல் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. விளைவே காரணமாகிவிடும் கொடுஞ்சுழல் இது. உடலை அறுக்காமல் இக்குழாய்களின் கேட்டை நேரே காண வாய்த்த இடம் விழித்திரை.

1944 மார்ச்சில் புரூயன் முதன்முதலாக ஆய்ந்தபோதே ரூசுவெல்ட்டின் நெஞ்சாங்குலை பருத்திருந்தது, அழுத்தம் 186/108. ஓய்வு, உப்புக் குறைப்பு, புகை குறைப்பு, டிசிட்டாலிசு என்னும் நெஞ்சாங்குலை மருந்து: அவர் கைவசம் இருந்தவை பெரும்பாலும் இவையே. ஒடுங்கிய குழாய்களில் குருதி ஓட உயர்ந்த அழுத்தம் வேண்டும், அதைத் தணிப்பது தீங்கு என்று அந்நாளைய பேரறிஞர் சிலரே எழுதியிருந்தனர். ஆதலின் மெக்கின்டயரை மட்டும் பழிப்பது முறையன்று. நோயை மறைத்தது அவர் குற்றம். அறியாமை அக்காலத்தின் குற்றம்.

1948இல் மாசச்சூசெட்சின் பிரேமிங்காம் நகரில் 5,209 பேரைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினர். உயர் அழுத்தம் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழிகோலுகிறது என்பது அங்கே தெளிவாயிற்று. தணித்தால் பயனுண்டா என்னும் வினாவுக்கு 1967இல் விடை கிடைத்தது. ஓர் ஆய்வில், கீழெண் 115 முதல் 129 வரை இருந்த 143 ஆடவருள், மருந்துண்டவரில் இருவரே பெருங்கேடு உற்றனர். வெற்று மாத்திரை உண்டவரில் 27 பேர்.

அம்மருந்துகளுள் ஒன்று ரெசர்ப்பின். பாம்புக்களா வேரிலிருந்து எடுப்பது. அவ்வேர் குருதியழுத்தத்தைத் தணிக்கும் என்று சென், போசு என்னும் இந்திய மருத்துவர் இருவர் 1931லேயே எழுதியிருந்தனர். ரூசுவெல்ட் அப்போது குடியரசுத் தலைவராகக்கூட ஆகியிருக்கவில்லை.