உண்மையான அளவைக் கேட்கும் தலைவர்

மாணவர்களே, ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த உங்கள் தாத்தா பாட்டியிடம் ‘பால் நிறுப்பது’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். கிராணி ஒவ்வொருவரின் பாலையும் நிறுத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்து நீர் கலந்து, ‘மெட்ரோலாக்’ என்ற மிதவைக் கருவியை அதில் இறக்குவார். ரப்பரின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. ஆகவே, பாலில் ரப்பர் அதிகமென்றால் கருவி ஆழமாக இறங்கும். அந்த அளவை வைத்துத்தான் கூலி.

என் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர்தான். “மானேஜர் பக்கத்தில் நின்று பார்க்கிற நாளில் கணக்கு சரியாக இருக்கும்” என்பார். கருவி அதேதான், கிராணியும் அவரேதான். ஆனால் மேலே இருப்பவர் உண்மையான அளவைக் கேட்கிறாரா என்பதைப் பொறுத்தே கீழே உள்ளவர்களின் நேர்மை அமைகிறது.

இதைவிடப் பெரிய அளவீட்டுப் பிரச்சினை ஒன்று நம் ஈப்போவுக்கு அருகில், புக்கிட் மேராவில் நடந்தது.

ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்த பிறகு எஞ்சும் மணலை ‘அமாங்’ என்போம். அதிலுள்ள மோனசைட் போன்ற கனிமங்களில் இட்ரியம் முதலிய அரிய மண் தனிமங்கள் உண்டு. அக்காலத்து வண்ணத் தொலைக்காட்சிகளில் சிவப்பு நிறம் தெரிய இட்ரியம் உதவியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்கு வகித்த ‘ஏஷியன் ரேர் எர்த்’ நிறுவனம் 1982-இல் இங்கே உற்பத்தியைத் தொடங்கியது.

இந்தக் கனிமங்களோடு கதிரியக்கத் தன்மை கொண்ட தோரியமும் சேர்ந்தே வரும். அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டுகள்! தோரியம் வெளியிடும் ஆல்பா துகள்களை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். ஆனால் தூசியாக மூச்சில் கலந்து நுரையீரலுக்குள் போனால், அவை திசுக்களை உள்ளிருந்தே தாக்கும்.

ஆலை ஓடத் தொடங்கிய பிறகும், கழிவை நிரந்தரமாக எங்கே வைப்பது என்பது முடிவாகவில்லை. பாப்பானில் குழிகள் வெட்டப்பட்டன. மக்கள் எதிர்த்தனர். 1984-இல் வந்த அனைத்துலக அணுசக்தி நிறுவன வல்லுநர்கள் அக்குழிகள் பாதுகாப்பற்றவை என்றனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய மரபியல் அறிஞர் சடாவோ இச்சிகாவா ஆலையைச் சுற்றிக் கதிர்வீச்சை அளந்து, சில இடங்களில் அது அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல மடங்கு அதிகம் என்றார்.

1985-இல் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வருகிறது என்று அவர்கள் முறையிட்டார்கள். ஆலை காரணமல்ல என்றது நிறுவனம். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நிறுவனத்துக்கு வெற்றி! ஆனாலும் 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக நிறுவனமே அறிவித்தது. அதன் பின் அந்த இடத்தைத் துப்புரவாக்க ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என மதிப்பிடப்பட்டது.

“இந்தக் கழிவு எங்கே போகும்? அளவு என்ன காட்டுகிறது?” என்ற கேள்விகளுக்கு முதல் நாளே, இயக்குநர்களின் மேசையிலேயே பதில் கிடைத்திருக்க வேண்டும். பின்னால் வழக்கில் வெல்வது அதற்கு ஈடாகாது.

இன்று சட்டமும் தலைவர்களை நோக்கிக் கேட்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி, நிறுவனம் குற்றம் செய்தால் இயக்குநர் மீதும் வழக்குத் தொடுக்கலாம். ‘எனக்குத் தெரியாமல் நடந்தது, தடுக்க வேண்டிய எல்லாம் செய்தேன்’ என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இது பெரியவர்களுக்கு மட்டும் உரிய பாடமல்ல. ஆய்வுக்கூடத்தில் நீங்கள்தான் குழுத் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். வெப்பமானி 78 பாகை காட்டுகிறது. புத்தகத்தில் இருப்பதோ 80. “80 என்றே எழுதிடலாமா?” என்று நண்பர் உங்களைப் பார்க்கிறார். நீங்கள் “78 என்று எழுது, ஏன் குறைந்தது என்று பார்ப்போம்” என்றால், அடுத்த முறை அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்.