பிள்ளைக்குச் சலிப்பா, மனச்சோர்வா?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள நாட்களை நாம் ஓய்வு என்கிறோம். ஆனால் ஒரு வருடம் முழுக்க டியூஷன், ரிவிஷன் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ் என்று அடுத்தவர் போட்ட அட்டவணையில் ஓடிய பிள்ளை, திடீரென ஒருநாள் காலை எந்த அட்டவணையும் இல்லாமல் எழுந்திருக்கிறது. வெளியே கோடை வெயில். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். மதியத்துக்குள் போன் வந்துவிடும்: "போரடிக்குதும்மா!"

இதைக் கேட்டதும் அவசர அவசரமாக ஏதாவது ஒரு சம்மர் கிளாஸில் சேர்த்துவிடுகிறோம். அல்லது "எங்க காலத்துல..." என்று ஆரம்பிக்கிறோம். பிள்ளை சொன்னது எந்த வகை என்று பார்ப்பதில்லை. சாதாரணச் சலிப்பு என்றால் கொஞ்சம் விட்டுப்பிடிக்கலாம். மனச்சோர்வு என்றால் தள்ளிப்போடவே கூடாது. பல வீடுகளில் நடப்பது தலைகீழ். சலிப்பைக் கண்டு பதறுகிறோம், மனச்சோர்வைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம்.

சலிப்பில் ஆசை இருக்கும்

ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு இருக்கும். மனம் ஒட்டும்படி எதுவும் அகப்படாது. கனடாவைச் சேர்ந்த ஜான் ஈஸ்ட்வுட் உள்ளிட்ட உளவியலாளர்கள் சலிப்புக்குத் தரும் விளக்கம் கிட்டத்தட்ட இதுதான். சலித்துப்போன பையனைக் கவனியுங்கள். ஃப்ரிட்ஜைத் திறப்பான், உள்ளே பார்ப்பான், ஒன்றும் எடுக்காமல் மூடுவான். கால் மணி நேரத்தில் மறுபடி வந்து திறப்பான். அவனுக்குப் பசியில்லை. தேடிக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தவிப்பு லேசானதல்ல. 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஒரு ஆய்வில், கல்லூரி மாணவர்களை 15 நிமிடம் தனியறையில் சும்மா உட்காரச் சொன்னார்கள். கையில் போன் கிடையாது. லேசான மின்அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்று மட்டும் இருந்தது. ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் தாங்களாகவே அதை அழுத்திக்கொண்டார்கள். பெரியவர்களாகிவிட்டவர்களுக்கே இப்படி என்றால் வளரும் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். புதுமையைத் தேடச் சொல்லும் மூளைப் பகுதிகள் இந்த வயதில் வேகமெடுத்துவிடுகின்றன. நிதானிக்கச் சொல்லும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. அதனால்தான் சலிப்பிலிருந்து தப்பிக்க பைக் ரேஸ், சிகரெட், உதட்டுக்கடியில் ஒதுக்கும் புகையிலை என்று சில பிள்ளைகள் போய்விடுகிறார்கள்.

போனைத் தள்ளத் தள்ள

சலிப்புக்கு மருந்து என்று நினைத்துத்தான் பிள்ளைகள் ரீல்ஸைத் தள்ளுகிறார்கள். டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே 10 நிமிட வீடியோவை முழுதாகப் பார்த்தவர்களைவிட, ஏழு வீடியோக்களுக்கு இடையே இஷ்டப்படி தாவியவர்களுக்குத்தான் சலிப்பு அதிகம். போனைப் பிடுங்குவதால் சண்டைதான் மிஞ்சும். ஒரு முழுப் படத்தையோ ஒரு கிரிக்கெட் மேட்சையோ பிள்ளையோடு உட்கார்ந்து கடைசிவரை பாருங்கள், அது மேல்.

ஆசையே அற்றுப்போனால்

தினமும் சாயங்காலம் தோழிகளோடு ஷட்டில் ஆடிய பெண், கீழிருந்து அவர்கள் கூப்பிட்டும் "தலை வலிக்குது" என்று படுத்திருக்கிறாள். பிடித்த பிரியாணி வந்தும் இரண்டு வாயில் எழுந்துவிடுகிறாள். கேட்டால் அவளும் "போரடிக்குது" என்றுதான் சொல்வாள். ஆனால் இவள் எதையும் தேடவில்லை. எதிலும் நாட்டமே இல்லை. மனச்சோர்வின் முக்கிய அடையாளம் இதுதான்.

வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். "எதிர்த்துப் பேசுறா" என்று நாம் மல்லுக்கு நிற்போம். விடுமுறையில் தாமதமாகத் தூங்கி தாமதமாக எழுவது இந்த வயதின் இயல்பு. ஆனால் தூக்கமே வராமல் புரள்வது, நாள் முழுக்கத் தூங்கியும் களைப்பாக இருப்பது, குளிக்கக்கூட மனமில்லாதது, "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்ற பேச்சு, இவை சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீட்டில் வராது என்று ஒதுக்கிவிட முடியாத கணக்கு இது.

விட்டுப்பிடிப்பது

சாதாரணச் சலிப்புதான் என்று தெரிந்தால், அந்த வெற்று நேரத்தை உடனே நிரப்பாதீர்கள். தானாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு அவகாசம் வேண்டும். பயிற்சி வகுப்பைவிட நிஜமான பொறுப்பு நன்றாக வேலை செய்யும். தாத்தாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டோக்கன் வாங்கி, டாக்டர் சொன்னதைக் கேட்டுவந்து சொல்வது அந்த வயதுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சலிக்கும் பையனுக்கு மைதானம் இருக்கிறது. சலிக்கும் பெண்ணுக்குப் பாத்திரம் கழுவும் வேலை வருகிறது. அவள் வெளியே போகவும் ஓர் இடமும், கூட ஒரு தோழியும், கேள்வி கேட்காத ஒரு மணி நேரமும் வேண்டும். இதை நாம்தான் ஏற்பாடு செய்து தர வேண்டும்.

யாரிடம் போவது?

மனச்சோர்வோ என்று சந்தேகம் இருந்தால் பிள்ளையிடம் நேராகக் கேளுங்கள்: "வாழவே பிடிக்கலன்னு தோணுதாடா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பேச முடிந்ததே பல பிள்ளைகளுக்குப் பாரத்தைக் குறைக்கும். பதில் என்னவானாலும் குறுக்கே பேசாதீர்கள், அறிவுரை வேண்டாம்.

14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பெற்றோரும் பேசலாம், பிள்ளையும் பேசலாம். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வாழப் பிடிக்கவில்லையா என்ற கேள்விக்கு "ஆமா" என்று பிள்ளை சொல்லிவிட்டால் ரிசல்ட் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டிலுள்ள மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டிவிட்டு, பிள்ளையைத் தனியே விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.